முகிலன் தம்பிக்கு: அந்த பீட்டா 5க்குள் எல்.இ.டி. பல்பு வேண்டாம்

அன்புள்ள முகிலன் தம்பிக்கு,

குரோய்டனில் ஒருவர் தோர்ன் நிறுவனத்தின் பீட்டா 5 என்ற பழைய தெருவிளக்கு லாந்தர் ஒன்றைத் தருகிறார், உள்ளே பல்பும் இல்லை, சோக்கும் இல்லை, சோளக்கதிர் மாதிரி இருக்கும் எல்.இ.டி. பல்பு ஒன்றைத் திருகி எரியவிட்டால் போதாதா என்று கேட்டிருந்தீர்கள். இதையே வேறு பலரும் கேட்பதால் எல்லோரும் பார்க்கும்படி பதில் எழுதுகிறேன்.

போதாது. பல்பை மூடியிருக்கும் பிளாஸ்டிக் கிண்ணத்தில் உள்ள வரிவரியான பட்டைகள் அலங்காரத்துக்கு வார்த்தவை இல்லை. 31 செ.மீ. நீளமுள்ள கண்ணாடிக் குழாய் ஒன்று படுத்தபடி எரியும் என்று கணக்குப் போட்டு, வெளிச்சத்தைத் தெருவின் இரண்டு பக்கமும் நீளவாக்கில் தள்ளுவதற்காக வார்த்தவை. எல்.இ.டி. பல்பை நுழைத்தால் ஒவ்வொரு பட்டையிலும் புள்ளி புள்ளியாகக் கூசும், சுவரில் திட்டுத் திட்டாக விழும். லாந்தரும் பல்பும் சோக்கும் ஒரே செட். மூன்றில் கிடைக்க அரிதானது பல்பு. ஆகவே முதலில் பல்பை வாங்குங்கள், லாந்தர் எப்படியும் வந்து சேரும்.

ஒரு சொல் குழப்பத்தையும் தீர்த்துவிடுவோம். நமக்கு லாந்தர் என்றால் மண்ணெண்ணெய் விளக்கு. இங்கிலாந்துத் தெருவிளக்குக்காரர்கள் கம்பத்தின் தலையில் இருக்கும் கூடு முழுவதையும் லாந்தர் என்பார்கள். அதேபோல் சென்னையில் 'சோடியம் லைட்' என்று சொல்வது பெரும்பாலும் உயர் அழுத்த வகை, இங்கே அதை சன் (SON) என்பார்கள். உங்கள் பீட்டா 5 கேட்பது தாழ் அழுத்த வகை, பெயர் சாக்ஸ் (SOX). அதன் வெளிச்சம் ஏறக்குறைய முழுவதும் 589 நானோமீட்டரில் அடங்கிவிடும். ஒரு சி.டி.யின் பின்புறத்தை அதன் கீழே பிடித்துப் பாருங்கள்: எல்.இ.டி.யின் கீழ் வானவில் தெரியும், சாக்ஸின் கீழ் செம்மஞ்சள் கோடு ஒன்றுதான். சிவப்புக் கார் சேற்று நிறமாகத் தெரிந்ததும் இதனால்தான். உங்கள் ஊருக்கு இதில் பங்கு உண்டு. 1932இல் பிரிட்டனில் சோடியம் விளக்கை முதலில் தெருவில் போட்டுப் பார்த்தது குரோய்டனின் பர்லி வே சாலையில்.

பிலிப்ஸ் நிறுவனம் சாக்ஸ் செய்வதை 2019–20 வாக்கில் நிறுத்திவிட்டது. இப்போது சந்தையில் இருப்பது பழைய சரக்கு மட்டும். 18, 35, 55, 90, 135, 180 வாட் என்று அளவுகள். 35 வாட்டின் நீளம் 31 செ.மீ., 180 வாட்டின் நீளம் ஒரு மீட்டருக்கும் மேல். உங்களுக்கு வேண்டியது 35. ஹோல்டரில் மாட்டும் மூடியின் வகை பி.ஒய்.22. பார்த்தால் வீட்டு பல்பின் இரட்டைக் கம்பி மூடி போலவே இருக்கும், ஆனால் வீட்டு ஹோல்டரில் போடக்கூடாது. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

பல்பை வாங்குமுன் வெளிச்சத்தில் பிடித்து மூன்று இடத்தைப் பாருங்கள். முதலாவது, வெளிக் கண்ணாடியின் உட்புறம் பளபளவென்று வெள்ளிக் கறை போல் ஒரு திட்டு. அது பால் வெள்ளையாக மாறியிருந்தால் காற்று புகுந்துவிட்டது, அந்த பல்பு முடிந்தது. அடுத்து, உள்ளே வளைந்திருக்கும் குழாயில் சின்னச் சின்னக் குழிகள். சோடியம் அந்தக் குழிகளில் மணி மணியாக உட்கார்ந்திருக்க வேண்டும். எல்லாம் ஒரு முனையில் திரண்டு கிடந்தால் யாரோ சூட்டோடு பல்பைத் தூக்கியிருக்கிறார்கள், அல்லது ஆயுள் தீரப்போகிறது. மூன்றாவது, மூடிக்குப் பக்கத்தில் குழாய் கறுத்திருக்கிறதா என்பது. கொஞ்சம் கறுப்பு பரவாயில்லை, நிறையக் கறுப்பு என்றால் பாதி விலைக்கும் வேண்டாம்.

இனி சோக். கடைக்காரர் கையில் கிடைத்ததைக் கொடுப்பார், நீங்கள் ஆம்பியரைப் பாருங்கள். 35, 55 வாட் இரண்டும் சுமார் 0.6 ஆம்பியர், அதனால் இரண்டுக்கும் பொதுவான கியர் (சோக்கும் அதோடு சேர்ந்த பாகங்களும்) உண்டு. 90 வாட் கியர் 0.9க்கு மேல் தள்ளும். அதில் 35 வாட் பல்பைப் போட்டால் அழகாகத்தான் எரியும், சீக்கிரம் போய்விடும். 18 வாட் பல்புக்கு 0.35 போதும், அதையும் 35இன் கியரில் போடாதீர்கள். பழைய கியர் பெரும்பாலும் ஆட்டோலீக் எனப்படும் டிரான்ஸ்ஃபார்மர். பல்பு பற்றாத நேரத்தில் அதிலிருந்து பல்புக்குப் போகும் முனைகளில் 480 வோல்ட் அளவுக்கு நிற்கும். வீட்டு ஹோல்டர் ஆகாது என்றது இதற்காகத்தான். பீங்கான் ஹோல்டர்தான் வேண்டும்.

கியரை நேராக பிளக்கில் மாட்டாதீர்கள். முதலில் மல்டிமீட்டரில் சுருள் அறுந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு கெபாசிட்டரைக் கழற்றி வைத்துவிட்டு, 60 வாட் குண்டு பல்பு ஒன்றை சீரீஸில் போட்டு மின்சாரம் கொடுங்கள். சீரீஸ் பல்பு மங்கலாக இருந்தால் சரி. முழுப் பிரகாசத்தில் எரிந்தால் சுருள் ஷார்ட், தூக்கிப் போடவேண்டியதுதான். இந்தச் சோதனையின்போதும் பல்புக்குப் போகும் முனைகளில் அந்த உயர் வோல்டேஜ் இருக்கும், மூடாத கம்பி எங்கும் இருக்கக்கூடாது. கெபாசிட்டரைத் திரும்பப் போடாமல் புதிதாக வாங்குங்கள்: உடலில் அச்சிட்ட அதே மைக்ரோஃபாரட், வோல்ட் அதைவிடக் குறையாதது, முனைகளுக்குக் குறுக்கே டிஸ்சார்ஜ் ரெசிஸ்டருடன். 1986க்கு முந்தையதில் பி.சி.பி. என்ற நச்சு எண்ணெய் இருக்கலாம். கசிந்து பிசுபிசுத்திருந்தால் கையுறை இல்லாமல் தொடாதீர்கள், குப்பைத் தொட்டியிலும் போடாதீர்கள். கவுன்சிலின் அபாயக் கழிவுப் பகுதியைக் கேளுங்கள்.

பெரும்பாலான பீட்டா 5களில் கியர் தலையில் இருந்ததில்லை, கம்பத்தின் அடிப் பெட்டியில் இருந்தது. நீங்களும் அப்படியே செய்யுங்கள்: கியரைத் தனி உலோகப் பெட்டியில் வைத்து, அங்கிருந்து லாந்தருக்குக் கம்பி இழுங்கள். பெட்டிக்கும், லாந்தரில் உள்ள உலோகப் பாகங்களுக்கும் எர்த் கட்டாயம். பிளக்கில் 3 ஆம்பியர் ஃபியூஸ், பின்னால் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.டி. (மின்சாரம் கசிந்தால் தானே துண்டிக்கும் கருவி). தலைக்குள் இருக்கும் பழைய கம்பியின் ரப்பர் தொட்டால் உதிரும், அதை முழுக்க மாற்றி வெப்பம் தாங்கும் சிலிக்கான் கம்பி போடுங்கள். மிகப் பழைய லாந்தர்களில் கம்பியின் மேல் சாம்பல் நிற நார் உறை தென்பட்டால் கீறவோ ஊதவோ வேண்டாம், அது அஸ்பெஸ்டாஸாக இருக்கலாம்.

கிண்ணத்துக்கு வெதுவெதுப்பான தண்ணீரும் பாத்திரம் கழுவும் சோப்பும் போதும். ஸ்பிரிட், தின்னர் பட்டால் அக்ரிலிக்கில் நுண்ணிய விரிசல் வலைபோல் படரும், அதைத் திருப்ப முடியாது. பாலிகார்பனேட் என்றால் வெயிலில் மஞ்சளாகியிருக்கும், தேய்த்தாலும் போகாது, அப்படியே விட்டுவிடுங்கள். அலுமினியத்தில் இரும்புத் திருகு இறுகிக் கிடந்தால் பலத்தால் திருகாதீர்கள், தலை முறிந்துவிடும். ஊடுருவும் எண்ணெயை விட்டு ஒரு நாள் ஊறவைத்து, சூடு காட்டித் திருப்புங்கள். திரும்பப் போடும்போது துருப்பிடிக்காத எஃகுத் திருகும், மரையில் கொஞ்சம் காப்பர் கிரீஸும். வண்ணம் அடிக்க வேண்டாம் என்பது என் கட்சி. கவுன்சில் ஒட்டிய எண் ஸ்டிக்கர் இருந்தால் அதையும் சுரண்டாதீர்கள்.

எரியவிட்டதும் முதலில் சிவப்பாகத்தான் வரும். அது நியான். பத்துப் பதினைந்து நிமிடத்தில் சோடியம் ஆவியாகி மஞ்சளுக்கு வரும். சிவப்பிலேயே நின்றால் பல்பு தேய்ந்துவிட்டது அல்லது வெற்றிடம் போய்க் குழாய் சூடேறவில்லை. தொடங்குவதுதான் பல்புக்குச் செலவு. யாராவது வந்தால் காட்டுவதற்காக ஐந்து நிமிடம் போட்டு அணைக்காதீர்கள். ஒரு தெருவிளக்கு இங்கே ஆண்டுக்குச் சுமார் 4,100 மணி நேரம் எரியும். நீங்கள் வாரம் இரண்டு மணி நேரம் போட்டால், தெருவின் ஓராண்டு உங்கள் சுவரில் கிட்டத்தட்ட 40 ஆண்டு. எரிந்தபின் ஆறும்வரை லாந்தரை அசைக்கக்கூடாது.

செத்த பல்பை உடைக்காதீர்கள். உள்ளே இருப்பது உலோகச் சோடியம், ஈரம் பட்டால் தீப்பிடிக்கும். முழுசாகவே மறுசுழற்சி மையத்தின் பல்புப் பெட்டியில் கொடுங்கள்.

உங்கள் தெருவில் இறக்கிக்கொண்டிருக்கும் லாந்தர்கள் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அவை கவுன்சிலின் சொத்து. ஒப்பந்தக்காரரின் கிடங்கில் எழுத்துமூலம் கேட்டு வாங்குங்கள். கம்பத்தின் கதவைத் திறந்து பார்க்கும் ஆசை வேண்டாம், விளக்கு அணைந்திருந்தாலும் உள்ளே வரும் கேபிளில் மின்சாரம் இருக்கும். கேட்கும்போது ஒரு முதல் தலைமுறை எல்.இ.டி. லாந்தரையும் சேர்த்துக் கேளுங்கள். சாக்ஸுக்கு ஆள் இருக்கிறது. இவற்றை யாரும் எடுத்துவைப்பதில்லை, டிரைவர் (எல்.இ.டி.க்கு மின்சாரம் கொடுக்கும் கருவி) போனதும் நேரே பழைய உலோகத்துக்குப் போகின்றன. வீட்டில் மாட்டி எரியவில்லை என்றால் உடனே டிரைவரைக் குறை சொல்லாதீர்கள். மண்டையில் போட்டோசெல்லுக்கான (இருட்டினால் விளக்கைப் போடும் உணரி) சாக்கெட் காலியாக இருந்தால் சுற்று மூடாது. மூன்று முனைகளுக்கான ஷார்ட்டிங் மூடி ஒன்று போட்டால் பற்றிக்கொள்ளும்.

பல்பைத் தபாலில் வாங்குகிறீர்கள் என்றால் அதன் அட்டை உறையோடு, படுக்கை வாக்கில், மூடி இருக்கும் பக்கம் வெளியில் குறித்து அனுப்பச் சொல்லுங்கள். வந்ததும் பிரிக்குமுன் காதருகே வைத்து மெல்லச் சாய்த்துப் பாருங்கள். கண்ணாடிச் சில்லு கிலுங்கும் சத்தம் கேட்டால் பெட்டியைத் திறக்காமல், ஈரம் படாத இடத்தில் வைத்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணன்