தைராய்டு மாத்திரையும் காலைக் காபியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தைராய்டு சுரப்புக் குறைவு உள்ளவர்கள் முட்டைக்கோஸ், காலிஃபிளவர், முள்ளங்கி பக்கமே போகக்கூடாது என்று நாளிதழ்களின் நலவாழ்வுப் பகுதிகளில் அடிக்கடி வருகிறது. பல வீடுகளில் இதைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கிறார்கள். அதே வீடுகளில் காலையில் மாத்திரையைப் போட்ட கையோடு காபி குடிப்பதை யாரும் தடுப்பதில்லை. சிக்கலே அங்கேதான்.

தைராய்டு சுரப்புக் குறைவுக்குத் தரப்படும் லிவோதைராக்ஸின் மைக்ரோகிராம் கணக்கில் தரப்படும் மருந்து. வெறும் வயிற்றில் போட்டாலே முழு அளவும் ரத்தத்தில் சேர்வதில்லை. கூடவே காபியோ பாலோ போனால் இன்னும் குறையும். தைராய்டு ஹார்மோன் போதாதபோது ரத்தத்தில் உயரும் டி.எஸ்.எச். அளவு ஏறும், 50 மைக்ரோகிராம் மாத்திரை 75 ஆகும், 75 மைக்ரோகிராம் 100 ஆகும். பிறகு ஏதோ காரணத்தால் காபியை நிறுத்தினால், அதுவரை ஒரு பகுதி வீணாகிக்கொண்டிருந்த மருந்து உடம்பில் கூடுதலாகச் சேர்ந்து படபடப்பு, தூக்கமின்மை, கைநடுக்கம் என்று வேறு தொல்லை தொடங்கும்.

எழுந்ததும் வெறும் தண்ணீரில் மாத்திரையை விழுங்கிவிட்டு ஒரு மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் இருக்க வேண்டும். காபி, டீ மட்டுமல்ல. சத்துமாவுக் கஞ்சி, ஊறவைத்த வெந்தயம் எல்லாம் அதற்கு அப்புறம்தான். கேழ்வரகுக் கஞ்சி நல்ல உணவு, மறுப்பில்லை. ஆனால் 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. அது மருந்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். காலையில் ஒரு மணி நேரம் காத்திருக்க முடியாதவர்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, இரவு சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கப்போகும்போது போடலாம்.

இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கும் நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் ஆன்டாசிட்டுக்கும் ஒரு மணி நேரம் போதாது. நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். கர்ப்பிணிகளுக்கு இது மிக முக்கியம். முதல் மூன்று மாதங்களில் குழந்தை தாயின் தைராய்டு ஹார்மோனையே நம்பி வளர்கிறது. தாய்க்கு மருந்தின் தேவையும் கூடுகிறது. நான்காம் மாதத்திலிருந்து இரும்பும் கால்சியமும் கையில் தரப்படுகின்றன. காலை 6 மணிக்குத் தைராய்டு, மதியச் சாப்பாட்டோடு கால்சியம், இரவில் இரும்பு என்று பிரித்துக்கொண்டால் ஒன்றையொன்று கெடுக்காது. 'கர்ப்பத்தில் மாத்திரை ஆகாது' என்று தைராய்டு மருந்தை நிறுத்தவே கூடாது.

முட்டைக்கோஸ் விஷயத்துக்கு வருகிறேன். வேகவைத்து, வாரத்தில் ஓரிரு நாள் பொரியலாகச் சாப்பிடுவதால் கெடுதல் இல்லை, தைராய்டு ஹார்மோன் சுரக்கத் தேவையான அயோடின் போதுமான அளவு கிடைக்கும்வரை. ஆனால் இப்போது நல்லது என்று நம்பி அயோடின் உப்பை விட்டு இந்துப்புக்கும் சாதாரணக் கல்லுப்புக்கும் மாறுகிறார்கள். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம் அயோடின் தேவை. அயோடின் சேர்க்காத உப்பிலிருந்து அது கிடைக்காது. அயோடின் உப்பையும் மூடியுள்ள பாத்திரத்தில், அடுப்புச் சூடு படாமல் வைத்து, சமையல் முடியும் தறுவாயில் சேர்ப்பது நல்லது.

மருந்தின் அளவை மாற்றினால் 6 முதல் 8 வாரம் கழித்துத்தான் டி.எஸ்.எச். பார்க்க வேண்டும், அதற்கு முன் பார்த்தால் சரியான நிலை தெரியாது. முடி உதிர்வுக்குப் பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை சாப்பிடுபவர்கள் பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்பே அதை நிறுத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் முடிவு தவறாக வந்து, தேவையான மருந்தையே குறைத்துவிட நேரும்.

மருந்துக் கடைக்காரர்கள் தைராய்டு மாத்திரைப் புட்டியைக் கொடுக்கும்போது மேலே 'வெறும் வயிறு, தண்ணீர், 1 மணி நேரம். இரும்பு, கால்சியம் 4 மணி நேரம்' என்று தமிழில் எழுதித் தர வேண்டும். தங்கள் நலவாழ்வுப் பக்கத்திலும் விலக்க வேண்டிய காய்களின் பட்டியலுக்குப் பதிலாக இந்த நேரக் கணக்கை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு மருந்தாளுநர்,
திருச்சி