மாமியாரின் புடவைகளை எப்படி வைப்பது என்று கேட்டாயே

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் போன வாரமே வந்தது. மகள் மாசமாக இருக்கிறாள் என்று படித்ததும் எவ்வளவு சந்தோஷம் தெரியுமா! உன் மாமியாரின் புடவைகள் எல்லாம் உன் கைக்கு வந்துவிட்டன, எப்படி வைப்பது என்று கேட்டிருந்தாய். உடனே எழுத உட்கார்ந்தேன், அம்மாவின் பீரோ ஞாபகம் வந்து எழுந்துவிட்டேன்.

உன்னிடம் இதைச் சொன்னதில்லை. அம்மா போய் ஒரு வருடம் கழித்துத்தான் அந்தப் பீரோவைத் திறந்தேன். 1965-ல் அவள் கல்யாணத்துக்கு எடுத்த அரக்குக் காஞ்சிப் பட்டு ஏதோ ஒரு பிளாஸ்டிக் கவருக்குள் இருந்தது. எனக்குத் தர வேண்டும் என்று அதற்கப்புறம் கட்டாமலே வைத்திருந்தாள். விரித்தால் மடிப்பு இருந்த இடமெல்லாம் ஸ்கேல் வைத்துக் கிழித்தது மாதிரி விட்டுப்போனது. ஜரிகை கறுத்திருந்தது. அசல் ஜரிகை என்பது பட்டு நூலின் மேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றித் தங்க முலாம் பூசியதுதானே, காற்றும் ஈரமும் பட்டால் வெள்ளி கறுக்கத்தான் செய்யும், அதோடு வருடக்கணக்கில் ஒரே இடத்தில் மடிந்தே கிடந்தால் கம்பியும் ஒடியும், பட்டு இழையும் இற்றுப்போகும். கட்டிக் கட்டிக் கிழிந்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

அதனால் நீ முதலில் கவர்களை எல்லாம் உருவிப் போடு. தூத்துக்குடிக் கடல் காற்றில் கவருக்குள் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பழைய வெள்ளை வேட்டியில், ஜரிகை உள்பக்கம் வருகிற மாதிரி மடித்துச் சுற்றி வை. கனமான பட்டை ஹேங்கரில் தொங்கவிடாதே, அதன் பாரமே அதை இழுத்துவிடும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை எல்லாவற்றையும் எடுத்து மடிப்பை மாற்று, மூன்றாக மடித்திருந்ததை நான்காக. மழைக்காலம் முடிந்து தை பிறந்ததும் நிழலில் ஒரு பகல் காற்றாட விடு. வெயில் வேண்டாம், பட்டின் சாயமும் போகும், பலமும் போகும்.

அப்புறம் அந்துருண்டை. இதை மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். மாமியாரின் சுங்குடிப் புடவைகளில் பேரப்பிள்ளைக்குத் தூளி கட்டப்போவதாக எழுதியிருக்கிறாய், அவை அந்துருண்டையோடு கிடந்தவை என்றால் வேண்டாம். ஜி6பிடி குறைபாட்டோடு, அதாவது ரத்தச் சிவப்பணுக்களைக் காக்கிற ஒரு நொதி குறைவாக, பிறக்கும் குழந்தைகள் சிலர் உண்டு, அவர்களுக்கு அந்துருண்டை வாடை பட்டாலே சிவப்பணுக்கள் உடைந்து மஞ்சள் காமாலை கடுமையாக வந்துவிடலாம். குழந்தைக்கு அந்தக் குறை இருக்கிறதா என்று முன்கூட்டியே யாருக்குத் தெரியும்? தூளிக்குப் புதுத் துணியே எடு. பீரோவில் வசம்பையும் கிராம்பையும் சின்னத் துணியில் முடிந்து போடு, வாசனை போனதும் மாற்று. இவை பூச்சியைக் கொல்லாது, விலக்கத்தான் செய்யும், அதனால் அவ்வப்போது திறந்து பார்ப்பதுதான் முக்கியம். சுங்குடியில் கஞ்சி இருந்தால் அலசிவிட்டு வை, ராமபாணப் பூச்சிக்குக் கஞ்சி என்றால் உயிர்.

நகைகளில் முத்துமாலை இருக்கிறது என்றாயே, அதைத் துடைத்துத் துணிப்பையில் வை, காற்றுப் போகாத டப்பா வேண்டாம். கொலுசுக்கு நேர்மாறு, காற்றுப் புகாமல் மூடினால்தான் கறுப்பது குறையும். ஆனால் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிவிடாதே, ரப்பரில் கந்தகம் உண்டு, வெள்ளி சீக்கிரமே கறுத்துவிடும்.

போன மாதம் எங்கள் தெருவில் பழைய பட்டுப்புடவை வாங்குகிறவர் வந்தார். எரித்து வெள்ளி எடுப்பதற்குத்தான் வாங்குகிறார்கள். அம்மாவின் அரக்கைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. புடவையின் உடல்தான் போச்சு, பார்டரில் நல்லாயிருக்கும் துண்டுகள் இன்னும் கெட்டியாக இருக்கின்றன, அவற்றை வெட்டி என் பேத்தியின் பாவாடைக்கு வைத்துத் தைக்கக் கொடுத்திருக்கிறேன். அடுத்த தடவை வரும்போது உனக்குக் காட்டுகிறேன்.

மகள் வளைகாப்புக்கு மாமியாரின் மாம்பழ மஞ்சள் பட்டையே நீ கட்டிக்கொள்ள வேண்டும், எடுத்து வைக்கிற பேச்சே கூடாது. அவிழ்த்ததும் உடனே மடித்துவிடாதே, வியர்வை ஈரம் போக ஒரு ராத்திரி கொடியில் கிடக்கட்டும். மஞ்சள், குங்குமம் எங்காவது பட்டால் தண்ணீர் வைத்துத் தேய்க்காமல் அப்படியே விடு, நான்தான் வருகிறேனே, சேர்ந்து பார்க்கலாம்.

அன்புடன்,
உன் தோழி