எங்கள் கையிலுள்ள கணினிக்கு ஏற்ற மென்பொருள் வேண்டும்

ஆசிரியர் அவர்கட்கு,

வேகம் குறைந்துவிட்டது என்று கணினியைப் பழுதுபார்க்கக் கொண்டு செல்வோருக்குத் திருகோணமலை நகரக் கடைகளில் பெரும்பாலும் கிடைக்கும் ஆலோசனை, புதியதொன்றை வாங்குங்கள் என்பதே. அக்கணினிகளில் பலவற்றில் பழுது எதுவும் இல்லை என்பதையும், அவற்றில் ஏற்றப்படும் மென்பொருள்களே தேவையின்றிப் பருத்துவிட்டன என்பதையும், மென்பொருள் எழுதுவதைத் தொழிலாகக் கொண்டவன் என்ற வகையில் தங்கள் பத்திரிகை வாயிலாகத் தெரிவிக்க விரும்புகிறேன்.

1995இல் வெளிவந்த வின்டோஸ் 95 கோரிய குறைந்தபட்ச நினைவகம் 4 மெகாபைற்று. வின்டோஸ் 11 கோருவது 4 கிகாபைற்று, அதாவது ஏறத்தாழ ஆயிரம் மடங்கு. அதனுடன் டிபிஎம் 2.0 எனப்படும் பாதுகாப்பு வசதியும், பட்டியலிடப்பட்ட புதிய செயலகங்களில் (புரொசெசர்) ஒன்றும் வேண்டும் என்பதால், நன்றாக இயங்கிக்கொண்டிருந்த எத்தனையோ கணினிகள் அதற்குத் தகுதியற்றவையாகிவிட்டன. 2025 ஒக்டோபர் 14இல் பாதுகாப்புத் திருத்தங்கள் உள்ளிட்ட, வின்டோஸ் 10க்கான வழமையான ஆதரவும் முடிவுக்கு வந்தது. பாவித்த மடிக்கணினி ஒன்றை வாங்கிப் பிள்ளையின் உயர்தரப் படிப்புக்குக் கொடுத்த மூதூர் அல்லது தம்பலகாமத்துக் குடும்பத்துக்கு இது சிறிய செய்தி அன்று.

பருமன் முழுவதும் வீண் என்று நான் கூறவில்லை. பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்து, பொருளற்ற ஆங்கில எழுத்துக்களைக் கண்ட அனுபவம் எங்களில் பலருக்கு உண்டு. எல்லா மொழிகளுக்கும் பொதுவான ஒருங்குறி (யுனிகோட்) வந்த பின்னர் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும், அதைச் சேமிக்கும் யூரிஎப்-8 முறையில் மூன்று பைற்று இடத்தைப் பிடிக்கிறது. பாமினியில் அதற்கு ஒரு பைற்று போதுமாக இருந்தது. ஆயினும், எந்தக் கைத்தொலைபேசியிலும் தமிழை வாசிக்கவும் தேடவும் முடிகிறது என்பதால், அந்தச் செலவை நான் மனமார ஏற்கிறேன். பயனாளருக்கு எந்த நன்மையும் தராத பருமனைப் பற்றியே என் கவலை.

அண்மையில் ஓர் அலுவலகத்தின் இணையவழி விண்ணப்பத்தை ஆராய்ந்து பார்த்தேன். பெயர், முகவரி, தேசிய அடையாள அட்டை இலக்கம் ஆகியவற்றை மட்டும் கேட்கும் அப்படிவம், பெரிய படங்களையும் பின்னணிக் காணொளி ஒன்றையும் தரவிறக்கிய பின்னரே திறந்தது. அந்தக் காணொளிக்கான டேட்டாச் செலவு விண்ணப்பதாரரின் தலையிலேயே விழுகிறது. மேசைக் கணினிச் செயலிகளின் நிலையும் இதுதான். செய்நிரல் எழுதப் பயன்படும் அட்டம் என்ற உரைத்தொகுப்பிக்காக 2013இல் தொடங்கப்பட்ட எலக்ட்ரோன் என்னும் சட்டகத்தை (செயலிகளை ஆக்குவதற்கான ஆயத்த அடித்தளத்தை) கொண்டு எழுதப்படும் ஒவ்வொரு செயலியும் ஒரு முழு உலாவியையே தனக்குள் சுமந்து வருகிறது. ஒருமுறை எழுதினால் எல்லா இயங்குதளங்களிலும் ஓடும் என்பது எழுதுபவருக்கு வசதிதான். ஆனால் சிறு குறிப்பு எழுதும் செயலிக்கும் அதையே பயன்படுத்துவது, ஒரு குடம் தண்ணீருக்குப் பவுசர் வண்டியை வரவழைப்பது போன்றது.

சிக்கனமாக எழுத முடியும் என்பதற்குக் கணினி விளையாட்டுக்களின் வரலாற்றைவிடச் சிறந்த சான்று இல்லை. 1985இல் வெளிவந்த சுப்பர் மாரியோ பிரதர்ஸ் விளையாட்டு முழுவதும் 40 கிலோபைற்றுக்குள் அடங்கியது. அதில் வானத்து மேகமும் தரையிலுள்ள புதரும் ஒரே வடிவந்தான். நிறத்தை மட்டும் மாற்றியிருந்தார்கள். அதற்கு முந்திய ஆண்டில், கேம்பிரிட்ஜ் மாணவர்களான டேவிட் பிரேபனும் இயன் பெல்லும் 32 கிலோபைற்று நினைவகம் கொண்ட பிபிசி மைக்ரோ கணினிக்கு எலைட் என்னும் விண்வெளி விளையாட்டை எழுதினர். எட்டு விண்மீன் மண்டலங்கள், ஒவ்வொன்றிலும் 256 கோள்தொகுதிகள். அவற்றைச் சேமித்து வைக்க இடமில்லாமையால், தேவைப்படும்போது கணித விதியால் உருவாக்கிக்கொள்ளும்படி செய்தனர். இடப்பற்றாக்குறை அவர்களைச் சிந்திக்க வைத்தது என்றே நான் கருதுகிறேன்.

இதற்கு நேர்மாறான உதாரணத்தையும் விளையாட்டுலகமே தந்துள்ளது. கிராண்ட் தெஃப்ட் ஓட்டோ ஒன்லைன் விளையாட்டு திறப்பதற்குப் பல நிமிடங்கள் எடுப்பதைப் பற்றி ஆண்டுக்கணக்காக முறைப்பாடுகள் இருந்தன. பலரும் தங்கள் கணினியையே குறைகூறிக்கொண்டனர். 2021இல், அதை ஆக்கிய ரொக்ஸ்டார் நிறுவனத்தைச் சாராத ஒரு செய்நிரலாளர், மூல நிரல் கையில் இல்லாமலேயே காரணத்தைக் கண்டுபிடித்தார். ஏறத்தாழ 63,000 பொருட்களைக் கொண்ட, 10 மெகாபைற்று அளவிலான விற்பனைப் பட்டியலை வாசிக்கும்போது, ஒவ்வொரு துண்டுக்கும் மீதமுள்ள கோப்பு முழுவதன் நீளத்தையும் அச்செய்நிரல் மீண்டும் எண்ணியது. ஒவ்வொரு பொருளையும் சேர்க்கும் முன், அதுவரை சேர்த்த அனைத்தோடும் ஒப்பிட்டும் பார்த்தது. இவ்விரண்டையும் திருத்தியதும் அவருடைய கணினியில் காத்திருப்பு நேரம் சுமார் 70 வீதம் குறைந்தது. ரொக்ஸ்டார் நிறுவனம் அதை ஏற்றுத் தன் விளையாட்டைத் திருத்தியதுடன், அவருக்கு 10,000 டொலர் வெகுமதியும் வழங்கியது. புதிய கணினி வாங்கிய எவருக்கும் அந்தக் காத்திருப்பு முற்றாக நீங்கியிருக்காது. தவறு இருந்த இடம் வேறு.

விளையாட்டு என்றாலே முகம் சுளிக்கும் பெற்றோர், பிள்ளை விளையாடும் விளையாட்டு எவ்வாறு ஆக்கப்பட்டது என்ற கேள்வியை அவனிடமோ அவளிடமோ ஒருமுறை எழுப்பிப் பார்க்க வேண்டும். பைத்தன் என்னும் செய்நிரல் மொழியில் சிறு பாம்பு விளையாட்டு ஒன்றை எழுதிப் பழகும் மாணவர், நினைவகத்தையும் நேரத்தையும் எண்ணிச் செலவழிக்கும் பழக்கத்தைப் பெறுவார்.

பயனாளரை மனதில் வைத்து எழுதியதற்கு எங்கள் நாட்டிலேயே உதாரணம் உண்டு. 2004 ஆழிப்பேரலையின் பின்னர், காணாமற்போனோரையும் முகாம்களையும் நிவாரணப் பொருட்களையும் பதிவுசெய்வதற்காக, இலங்கைத் தொண்டர்கள் சில வாரங்களுக்குள் சஹானா என்ற கட்டற்ற மென்பொருளை உருவாக்கினர். பின்னர் பாகிஸ்தான், ஹெயிட்டி நிலநடுக்கங்களின்போதும் அது பயன்பட்டது. யாருக்காக எழுதுகிறோம் என்பதைக் கண்முன் கண்டு எழுதிய மென்பொருள் அது.

ஆகவே, நிலாவெளிப் பக்கத்திலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்தில் கணினி விஞ்ஞானம் கற்கும் மாணவர்கள், தங்கள் இறுதியாண்டுச் செயற்றிட்டங்களைப் பழைய மடிக்கணினியிலும் சாதாரணக் கைத்தொலைபேசியிலும் ஓட்டிக் காட்ட வேண்டும் என விரிவுரையாளர்கள் கேட்கலாம். எமது மாவட்டத்து அலுவலகங்கள் இணையத்தளமோ செயலியோ செய்விக்கக் கேள்விப்பத்திரம் கோரும்போது, முதற்பக்கம் இத்தனை கிலோபைற்றுக்கு மேற்படக் கூடாது, ஐந்து ஆண்டுகள் பழைமையான கைத்தொலைபேசியிலும் தடையின்றி இயங்க வேண்டும் என்ற இரு நிபந்தனைகளையாவது எழுத்தில் சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
மென்பொருளாளர் ஒருவர்,
உவர்மலை, திருகோணமலை.