முதலில் குழாயை எண்ணு

ராயபுரம்,
ஞாயிறு இரவு

அன்பு மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். லீவில் வரும்போது வண்ணாரப்பேட்டையில் கிராஅத் (குர்ஆனை முறையாக ஓதுதல்), ஹிஃப்ழ் (குர்ஆன் மனனம்) போட்டி நடத்த வேண்டும், பிள்ளைகளின் வேகத்தைப் பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தாய். வேகத்துக்கு இங்கே என்ன பஞ்சம்? வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டால் வாலண்டியராக நாற்பது பேர் வந்து நிற்பார்கள். இருபது போதும். மீதி இருபது பேர் மேடையோரம் செல்ஃபி எடுத்துக்கொண்டிருப்பார்கள், அதைப் பார்த்து வேலை செய்கிறவனுக்கும் கை ஓய்ந்துவிடும். வயது வரம்பைத் தாண்டிவிட்ட பழைய போட்டியாளர்களைத் தேடிப் பிடி. முறைக்காகக் காத்திருக்கும் பிள்ளைக்கு வயிறு கலக்குவது அவர்களுக்குத்தான் தெரியும். தண்ணீரை நீட்டிவிட்டு, "முதல் ஆயத்தை மனசுக்குள்ள ஓது" என்று தொடக்க வசனத்தை நினைவுபடுத்துவார்கள்.

நேரத்தைக் கணக்குப் போட்டுவிட்டு நோட்டீஸ் அடி. 120 பிள்ளைகள், ஆளுக்கு 3 நிமிடம், ஏறி இறங்க 1 நிமிடம் என்றால் 480 நிமிடம். ஒரே மேடையில் எட்டு மணி நேரம்! மூன்று அறையாகப் பிரித்தால் 160 நிமிடம். ஒன்பதரைக்குத் தொடங்கினால் 12:10க்கு முடியும், லுஹர் என்ற மதியத் தொழுகைக்கு இடிக்காது. வயதுப் பிரிவு வாரியாகப் பிரி. ஒரே பிரிவை இரண்டு அறைக்குப் பங்கு போட்டால், ஓர் அறையின் நடுவர் தாராளம், இன்னொருவர் கறார் என்று பெற்றோர் சண்டைக்கு வருவார்கள், அதில் நியாயமும் இருக்கும். பெண் பிள்ளைகள் பிரிவுக்கு மார்க்கக் கல்வி படித்த பெண்களான ஆலிமாக்களே நடுவர்.

எங்கே தவறுவார்கள் என்று கேட்டிருந்தாய். நம் நாக்குதான் காரணம். அரபியில் ஸீன், ஸாத், ஸா என்று மூன்று எழுத்து, மூன்றுக்கும் நாம் எழுதுவது ஒரே 'ஸ'. தமிழ் எழுத்தில் அச்சடித்த சூரா (குர்ஆன் அத்தியாயம்) புத்தகத்தைப் பார்த்து மனனம் செய்த பிள்ளையை இரண்டு ஆயத்துக்குள் கண்டுபிடித்துவிடலாம். அடித்தொண்டையில் வரும் காஃபோடு கல்ப் என்றால் உள்ளம், சாதாரண காஃபோடு சொன்னால் நாய். தமிழில் இரண்டும் 'கல்ப்'தான். இன்னொன்று, வல்லின ஒற்றில் சொல்லை முடிப்பது நமக்குப் பழக்கமில்லை, தானாக ஓர் உகரம் ஒட்டிக்கொள்ளும். இக்லாஸ் சூராவின் நான்கு ஆயத்தும் தால் எழுத்தில் முடிகின்றன. அங்கே கல்கலாவாக லேசாக அதிர வேண்டியது, 'அஹது', 'ஸமது' என்று ஆகிவிடும். சின்ன சூராதானே என்று அதை எடுத்துக்கொண்டு வரும் பிள்ளைகள்தான் அதிகம் மாட்டுவார்கள்.

மார்க் போடுவதில் அரை மார்க் வேண்டாம், கூட்டும்போது பிசகும். பொருள் மாறும் வெளிப்படைப் பிழைக்கு 4, குன்னா (மூக்கொலி) குறைவது, மத்து (நெடில்) நீளாதது போன்ற நுண்பிழைக்கு 1 என்று 100இல் கழித்துக்கொண்டே வரச் சொல். இரண்டு பேர் தனித்தனியாகக் கூட்டி, இரண்டும் ஒத்துப்போன பிறகே அறிவிப்பு. தாளில் பெயர் கூடாது, எண் மட்டும். ஓதிக்கொடுக்கும் எந்த ஹஜ்ரத்துக்கும் தன் மாணவனின் குரல் தெரியும் என்பதால் நடுவர்கள் வெளியூர்க்காரர்களாக இருப்பது நல்லது.

ஹிஃப்ழ் கேள்விச் சீட்டில் பக்க எண் போடாதே. 13 வரி, 15 வரி, 16 வரி குர்ஆன்களில் பக்கம் மாறும். சூராவும் ஆயத்து எண்ணும் எழுது. ஒன்றுபோல ஒலிக்கும் ஆயத்துகளைக் கேள்விக் கவர்களில் சமமாகப் பங்கிடு. அல்பகரா 62இல் 'வன்னஸாரா வஸ்ஸாபிஈன', அல்மாயிதா 69இல் 'வஸ்ஸாபிஊன வன்னஸாரா', அல்ஹஜ் 17இல் 'வஸ்ஸாபிஈன வன்னஸாரா'. குர்ஆன் முழுவதும் மனனம் செய்த தேர்ந்த ஹாஃபிழே ஒன்றில் தொடங்கி இன்னொன்றுக்குத் தாவிவிடும் இடம் இது. ஒரு கவரில் இப்படி மூன்று, இன்னொன்றில் ஒன்றுமே இல்லை என்றால் அது குலுக்கல் சீட்டு, போட்டி இல்லை.

சவுண்ட் சர்வீஸ்காரர் எக்கோவை ஏற்றிவைப்பார், கேட்க இனிமையாகத்தான் இருக்கும். ஆனால் எக்கோவில் அரபியின் இரண்டு 'ஹ'வும் ஒன்றாகிவிடும், நடுவர் திணறுவார். எக்கோ சுத்தமாக வேண்டாம், மைக் ஸ்டாண்டில், வாயிலிருந்து நான்கு விரல் தள்ளி. குட்டிப் பிள்ளைகள் கையில் கொடுத்தால் உதட்டில் ஒட்டிக்கொண்டு 'ப' எல்லாம் வெடிக்கும்.

வருகிறவர்களை மெட்ரோவில் வரச் சொல். மண்ணடியிலிருந்து விம்கோ நகர் வரை அதே லைன். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டை நம்பினால் பாதிப் பேர் தாமதம். ஐப்பசி, கார்த்திகை வேண்டவே வேண்டாம், கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் வியாசர்பாடிப் பிள்ளைகள் சுற்றிக்கொண்டு வர வேண்டும்.

பிரியாணி, கிலோ அரிசிக்கு எட்டுப் பேர். 240 பேருக்கு 30 கிலோ, பத்துப் பத்தாக மூன்று தேக்சா. பிள்ளைகள்தானே என்று கிலோவுக்குப் பத்துப் பேர் என்று போட்டால் கடைசியில் பட்டினி கிடப்பது வாலண்டியர்கள்தான்.

ஹால் பார்க்கும்போது ஏசியைப் பார்க்காதே, தொழுகைக்கு முன் கை கால் முகம் கழுவி ஒளுச் செய்யும் குழாயை எண்ணு. 120 பேருக்கு 6 குழாய் என்றால் ஆளுக்கு 2 நிமிடம் வைத்தாலும் 40 நிமிடம். ஓதி முடித்த பிள்ளையை அப்போதே ஒளுவுக்கு அனுப்பிவிட ஒரு பையனை அங்கே நிறுத்து. எத்தனை குழாய் என்று எழுது, மற்றதைப் பிறகு பேசலாம்.

வஸ்ஸலாம்,
உன் மச்சான்