ரயில் விலகிப் போனாலும் தோம்ஸ்க் நின்றது

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற வார ஞாயிறு இணைப்பில் சைபீரிய ரயில்பாதை பற்றி வந்த கட்டுரையை ஆசையாகத்தான் படித்தேன். ஆனால் வெறும் காடாகக் கிடந்த இடத்தில் ரயில் வந்த பிறகுதான் ஊர்களே முளைத்தன என்று எழுதியிருந்ததை அப்படியே விட்டுவிட மனசு வரவில்லை. நோவசிபீர்ஸ்க் விஷயத்தில் அது சரி, 1893-இல் ஓப் ஆற்றுப் பாலத்துக்காக வந்த வேலையாட்களின் குடியிருப்பிலிருந்து வளர்ந்த ஊர் அது. அதற்கு 289 ஆண்டுகள் முன்பே பிறந்த தோம்ஸ்க் நகரத்தை என்ன செய்வது?

தோம் ஆற்றங்கரையில் எவுஷ்தா தாத்தார்கள் என்ற பழங்குடியினர் ஏற்கெனவே வாழ்ந்துகொண்டிருந்தார்கள். அவர்களுடைய தலைவர் தோயன், அக்கம்பக்கத்துக் கூட்டங்களின் தாக்குதலிலிருந்து பாதுகாப்புக் கேட்டு ஜார் போரிஸ் கொதுனோவிடம் விண்ணப்பம் கொடுத்தார், எங்கள் நிலத்தில் கோட்டை கட்டிக்கொள்ளுங்கள் என்று. அப்படி 1604-இல் எழுந்த மரக்கோட்டைதான் தோம்ஸ்க். அவர் கேட்டார் என்பதற்காகப் பின்னால் நடந்ததெல்லாம் நியாயம் ஆகிவிடாது, சுற்றுவட்டாரப் பழங்குடிகளிடம் விலங்குத் தோலை வரியாகக் கறந்தார்கள். ஆனால் "யாருமில்லாத காடு" என்று எழுதினால் தோயனின் மக்களை இரண்டாம் முறையும் அழித்த மாதிரி ஆகிறது.

அப்புறம் சீனத் தேயிலை ஏற்றிய வண்டிகள் போகும் பெருவழியில் ஊர் வளர்ந்தது. 1804-இல் மாகாணத் தலைநகர் ஆனது, 1830-களில் தங்கம் கிடைத்துப் பணம் புரண்டது. கூடவே நாடுகடத்தப்பட்டவர்களும் வந்தார்கள். பாத்தென்கோவ் என்ற பொறியாளர் இளவயதில் இங்கே வேலை பார்த்து உஷாய்கா ஆற்றுக்குப் பாலம் கட்டியவர். ஜார் ஆட்சியை எதிர்த்த 1825 டிசம்பர் கிளர்ச்சிக்காரர்களோடு சேர்ந்ததற்காகச் சுமார் 20 ஆண்டுகள் பீட்டர்ஸ்பர்க் கோட்டையில் தனிமைச் சிறையில் கிடந்துவிட்டு, 1846-இல் அதே ஊருக்கு நாடுகடத்தப்பட்டவராகத் திரும்பி வந்தார். இன்று அங்கே ஒரு சதுக்கத்துக்கு அவர் பெயர்.

கட்டுரையில் வராததில் எனக்கு ரொம்ப வருத்தம் தந்தது பல்கலைக்கழகம். உரால் மலைக்குக் கிழக்கே ரஷ்யாவின் முதல் பல்கலைக்கழகம் தோம்ஸ்கில்தான் வந்தது. 1878-இல் அனுமதி, 1888-இல் திறப்பு, அதுவும் ஆரம்பத்தில் மருத்துவத் துறை மட்டும். சிபுல்ஸ்கி என்ற உள்ளூர்த் தங்கச் சுரங்க வணிகர் 1,00,000 ரூபிள் கொடுத்தார். கட்டடம் முடியும் முன்பே, 1885-இல், போர்ஃபிரி கிரிலோவ் என்ற தாவரவியலாளர் கசான் நகரத்திலிருந்து நூற்றுக்கணக்கான செடிகளை உயிரோடு கொண்டுவந்து சேர்த்தார். அந்தக் குளிரையும் தூரத்தையும் நினைத்துப் பாருங்கள்! முதல் மாணவன் வருவதற்கு 3 ஆண்டுகள் முன்பே அங்கே கண்ணாடி வீட்டுக்குள் செடிகள் தழைத்துக்கொண்டிருந்தன. அந்தத் தாவரவியல் பூங்கா இன்றும் இருக்கிறது. நம் பிள்ளைகள் எத்தனையோ பேர் மருத்துவம் படிக்க ரஷ்யாவுக்குப் போகிறார்கள், சைபீரியாவில் மருத்துவப் படிப்பு தொடங்கிய இடம் எது என்று ஒரு வரி போட்டிருக்கலாம்.

இப்போது ரயிலுக்கு வருகிறேன். தோம்ஸ்க் வணிகர்கள் ரயில் வேண்டாம் என்று தடுத்ததால்தான் பாதை விலகிப் போனது என்ற கதையைக் கட்டுரையும் நம்பிவிட்டது. ஆற்றைப் பார்த்தாலே காரணம் தெரியும். வடக்கே சதுப்பு நிலம், ஓப் ஆறு வெள்ளக் காலத்தில் அங்கே பரந்து விரிந்துவிடும், பாலம் கட்டுவது பெரும்பாடு. 1891-இல் கரின்-மிஹைலோவ்ஸ்கி தலைமையில் ஆய்வு செய்த பொறியாளர்கள், தெற்கே கிரிவஷ்சோகோவோ கிராமத்தருகே ஆறு குறுகிப் பாறைப் படுகையில் ஓடுவதைக் கண்டு அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள், பாதையும் அதனால் நேராக அமைந்தது. தோம்ஸ்குக்குக் கிடைத்தது தைகா நிலையத்திலிருந்து சுமார் 80 கி.மீ. நீளக் கிளைப் பாதை, 1896-இல். வியாபாரம் தெற்கே நகர்ந்தது உண்மை. படிப்பு நகரவில்லை, 1900-இல் தொழில்நுட்பக் கல்லூரியும் திறந்துவிட்டார்கள்.

1949-இல் பக்கத்திலேயே அணுகுண்டுக்கான புளுட்டோனியம் தயாரிக்கும், வெளியாட்கள் நுழைய முடியாத மூடிய நகரம் ஒன்று எழும்பியது, இன்றைய செவெர்ஸ்க். சோவியத் காலத்தில் தோம்ஸ்குக்குள்ளும் வெளிநாட்டவர் போக முடியாது. நமக்கு இந்த ஊர் சரியாகத் தெரியாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம். பழைய மரவீடுகள் நிறைய இன்றும் நிற்கின்றன. கிராஸ்னோஅர்மெய்ஸ்கயா தெருவில் ஒரு வீட்டின் கூரை விளிம்பிலிருந்து மரத்தில் செதுக்கிய டிராகன் தலைகள் நீட்டிக்கொண்டு நிற்கும். இப்படிப்பட்ட வீடுகள் தீப்பிடித்தும் கவனிப்பாரின்றி இற்றும் போகின்றன, எஞ்சியவற்றைக் காப்பாற்ற அந்த ஊர்க்காரர்கள் போராடி வருகிறார்கள்.

அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடுங்கள். முடிந்தால் தோம்ஸ்குக்கென்றே ஒரு பக்கம் ஒதுக்குங்கள், அதில் தோயனிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
திருநெல்வேலி