தொழுவத்தையும் நெல்லறையையும் இடிக்காதீர்கள்

எங்கள் ஊர்ப் பழைய பண்ணைவீட்டைப் பொறுப்பில் வைத்திருக்கும் அதிகாரிகளுக்கு வணக்கம்.

வீட்டைப் பழுதுபார்க்கப் போகிறீர்கள் என்றதும் ஊரே சந்தோஷப்பட்டது. ஆனால் போன வாரம் அளக்க வந்தவர்கள் தொழுவத்துச் சுவரிலும் நெல்லறைக் கதவிலும் சிவப்புச் சாயத்தில் குறி போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். கேட்டால், வண்டி நிறுத்த இடம் வேண்டுமாம். தயவுசெய்து அந்த இரண்டையும் இடிக்காதீர்கள்.

மற்ற விவரமெல்லாம் எங்கள் மனுக்களில் இருக்கிறது. ஒன்றை மட்டும் சொல்கிறேன். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய மழையில் நெல்லறைக் கூரையில் ஒரு பக்கம் ஓடு சரிந்துவிட்டது. தார்ப்பாய் கேட்டு எழுதினோம், வரவில்லை. அப்பாதான் தெருப் பையன்களைக் கூட்டிக்கொண்டு ஏறிப் பனையோலை போட்டு மூடினார். இன்றைக்கும் ஐப்பசி பிறக்குமுன் ஓலை மாற்றுவது நாங்கள்தான். உள்ளே இருக்கிற பத்தாயம், அதாவது நெல் கொட்டிவைக்கும் மரப்பெட்டி, நனையக் கூடாதே! அதன் முன்பக்கப் பலகைகளைக் காடியில் ஒன்றன்மேல் ஒன்றாக இறக்க வேண்டும். நெல் ஏற ஏறப் பலகையும் ஏறும். பக்கத்துச் சுவரில் கார், பிசானம் என்ற இரண்டு போகமும் அறுத்து வந்த நெல்லின் கோட்டைக் கணக்கு, ஐந்தைந்து கீறலாக இன்னும் இருக்கிறது. 21 மரக்கால் ஒரு கோட்டை. அந்த நெல்லை அளந்து கொட்டியவர்களில் எங்கள் ஆச்சியும் ஒருத்தி. பெரிய வீட்டுத் திண்ணையில் அவள் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை.

வீட்டில் இருந்தது ஒரு குடும்பம். தொழுவத்திலும் களத்திலும் பாடுபட்டது ஊர் முழுக்க. வீட்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை இடித்தால் யாருடைய வரலாற்றைக் காப்பாற்றுகிறீர்கள்? தமிழ்நாடு மரபு ஆணையச் சட்டம் 2012-லேயே வந்தாயிற்று. கோயிலும் கோட்டையும்தான் மரபு, மாடு கட்டின இடம் மரபில்லை என்று யார் முடிவு செய்தது? வீட்டிலும் இப்போதே சுண்ணாம்புக் காரை மேல் சிமெண்ட் பூச ஆரம்பித்துவிட்டார்கள். ஈரம் வெளியேற வழியில்லாமல் சுவர் உள்ளுக்குள்ளேயே உதிரும் என்று ஊர்க் கொத்தனார் சொல்லியும் கேட்க ஆளில்லை.

கோபத்தில் ஏதாவது கூடுதலாக எழுதியிருந்தால் மன்னியுங்கள். கேட்பது ஒன்றுதான்: தொழுவத்தையும் நெல்லறையையும் இடிக்காதீர்கள். வண்டி நிறுத்தக் களத்துக்குத் தெற்கே தரிசு கிடக்கிறது. ஆட்களை அனுப்புமுன் ஒருநாள் நீங்களே வந்து பாருங்கள். நெல்லறைச் சாவி எங்கள் வீட்டில்தான் இருக்கிறது.