ஆண்டறிக்கை: முள் நிற்காத மீட்டரும் நம் சங்கமும்

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு பதினொரு மாதக் கூட்டங்கள் நடந்தன. டிசம்பர் கூட்டம் மழையில் போய்விட்டது. வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். சந்தா பாக்கி உள்ளவர்களின் பெயர்களை அறிக்கையில் சேர்க்கச் சொன்னார், நான் சேர்க்கவில்லை. யார் யார் என்பது அவரவருக்கே தெரியும்.

ஆண்டின் பாதியைத் தின்றது ஒரே கருவிதான்: பழைய பொருள் கடையில் வாங்கிய கீத்லி 610சி எலக்ட்ரோமீட்டர், மிகச் சிறிய மின்னூட்டத்தையும் மின்னோட்டத்தையும் அளக்கும் மீட்டர். ஜோசப் கீத்லி 1946-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் தொடங்கிய நிறுவனத்தின் தயாரிப்பு, முள் வைத்த மாடல். நம் கையில் இருக்கும் டிஜிட்டல் மல்டிமீட்டரின் உள்ளீட்டுத் தடை பெரும்பாலும் 10 மெகா ஓம். இதற்கோ 10¹⁴ ஓமுக்கு மேல், அதாவது கோடி கோடி ஓம். சாதாரண மீட்டர் தொட்டாலே வடிந்துவிடும் மின்னூட்டத்தை இது பிடித்து வைத்துக்கொண்டு அளக்கும்.

வாங்கி வந்து போட்டால் முள் நிற்கவில்லை. ‘ஸீரோ செக்’ பொத்தானை அழுத்தினால் ஒழுங்காகப் பூஜ்யத்தில் உட்காரும். விட்டதும் மெல்ல மெல்ல ஓரத்துக்குப் போய் ஒட்டிக்கொள்ளும். அந்தப் பொத்தான் உள்ளீட்டின் இரு முனைகளையும் ஒன்றாக இணைத்து ஷார்ட் செய்துவிடுகிறது. அப்போது முள் நிற்கிறது என்றால் உள்ளே ஆம்ப்ளிஃபையர் நன்றாக இருக்கிறது, கோளாறு வாசலில்தான் என்று அர்த்தம். இது அன்றே புரிந்திருக்க வேண்டும். நாம் இரண்டு கூட்டங்களைக் கெபாசிட்டர் மாற்றுவதில் கழித்தோம்.

கடைசியில் ஒரு கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் வேலை பார்க்கும் அக்காதான் டார்ச் அடித்துப் பார்த்தார். உள்ளீட்டு சாக்கெட்டின் வெள்ளை டெஃப்ளான் இன்சுலேஷனில் தெளிவாக ஒரு கட்டைவிரல் ரேகை. அதன் மேல் பிசுபிசுப்பாக ஒரு படலம். ரேகை யாருடையது என்று தெரியவில்லை. படலம் என்னுடையது. முதல் நாளே காண்டாக்ட் கிளீனர் ஸ்பிரே அடித்தவன் நான்தான், ஒப்புக்கொள்கிறேன். விரலின் உப்பும் எண்ணெயும், அதன் மேல் நவம்பர் மாதச் சென்னைக் காற்றின் ஈரமும் சேர்ந்தால் டெஃப்ளான் எவ்வளவு உசத்தியாக இருந்தும் பயனில்லை, மேற்பரப்பிலேயே மின்சாரம் நடந்து போய்விடும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் இரண்டு முறை துடைத்து, குண்டு பல்பின் கீழ் ஓர் இரவு காயவைத்தோம். மறுநாள் முள் அசையவில்லை. மாற்றிய கெபாசிட்டர்களுக்கான பில் பொருளாளரிடம் இருக்கிறது.

அடுத்த தலைவலி கேபிள். சாதாரண கோஆக்சியல் கேபிளை லேசாக ஆட்டினாலே முள் துள்ளியது. உள்ளே இன்சுலேஷனும் பின்னலும் உரசி மின்னூட்டம் பிறக்கிறது. அங்கே கிராஃபைட் பூசிய குறைந்த இரைச்சல் கேபிள் விலை அதிகம் என்பதால், இருந்ததையே மேசையில் டேப் போட்டு ஒட்டினோம். மின்விசிறிக் காற்றில் கேபிள் ஆடியதால் விசிறியையும் நிறுத்தினோம். மே மாதக் கூட்டத்துக்கு வந்தவர்களுக்கு இது நினைவிருக்கும். பாலியஸ்டர் சட்டை போட்டவர் நாற்காலியை விட்டு எழுந்தால் முள்ளும் கூடவே எழுந்ததை எல்லாரும் பார்த்தோம்.

மோட்டார் ரீவைண்டிங் பட்டறை வைத்திருக்கும் நம் மூத்த உறுப்பினர், ‘இதெல்லாம் நமக்கு எதற்கு, மெகர் போதும்’ என்றார். மெகர் என்பது இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர். சரி, மெகரையே எடுத்துக்கொள்வோம் என்று ஜூலைக் கூட்டத்தை அதற்கே ஒதுக்கினோம். அவருடைய மெகரில் ‘ஜி’ என்று ஒரு மூன்றாவது முனை உண்டு, ‘கார்டு’ எனப்படும் காவல் முனை. வாங்கியதிலிருந்து அதில் எதையும் மாட்டியதில்லையாம். மழையில் நனைந்த ஒரு கேபிள் துண்டு 20 மெகா ஓம் காட்டியது. வெட்டிய முனையில் இன்சுலேஷனைச் சுற்றி வெறும் கம்பியை இறுக்கி ‘ஜி’யில் மாட்டியதும் 800-ஐத் தாண்டியது. இன்சுலேஷன் கெடவில்லை, மேலே இருந்த அழுக்குதான் கசிந்திருக்கிறது. காவல் முனையும் அளக்கும் முனையும் ஒரே மின்னழுத்தத்தில் இருக்கும். சம மட்டத்தில் உள்ள இரண்டு குளங்களுக்கு நடுவே வாய்க்கால் வெட்டினாலும் தண்ணீர் ஓடாது அல்லவா, அப்படித்தான். எலக்ட்ரோமீட்டரில், கம்பியைச் சுற்றி இரண்டு உறை கொண்ட டிரையாக்சியல் கேபிளின் உள் உறை செய்வதும் இதே வேலை. அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த மாதம் இரண்டு தொழிலாளர்களை அழைத்து வந்தார்.

செப்டம்பரில் சொந்தமாக ஐந்து பிகோ ஆம்பியர் மீட்டர்கள் செய்தோம். ஆம்பியரில் லட்சம் கோடியில் ஒரு பங்குதான் பிகோ ஆம்பியர். எல்எம்சி662 என்ற ஆம்ப்ளிஃபையர் ஐசி, 1 ஜிகா ஓம் பின்னூட்டத் தடை, அவ்வளவுதான். 1 பிகோ ஆம்பியர் ஓடினால் 1 மில்லிவோல்ட் கிடைக்கும். அந்த ஐசியின் உள்ளீடு வழக்கமாக எடுத்துக்கொள்வது 2 ஃபெம்டோ ஆம்பியர்தான் (பிகோவில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஃபெம்டோ), வினாடிக்குச் சுமார் 12,500 எலக்ட்ரான்கள். போர்டின் மேற்பரப்பில் கசிவதே அதை மிஞ்சிவிடும் என்பதால் உள்ளீட்டுக் காலை போர்டில் பதிக்காமல் மேலே வளைத்து, காற்றிலேயே பற்றவைத்தோம். பெட்டி ஒரு பால் பவுடர் டின். செய்த ஐந்தில் மூன்று ஒழுங்காக வேலை செய்கின்றன. மற்ற இரண்டிலும் பற்றவைக்கப் பயன்பட்ட ஃபிளக்ஸைச் சரியாகத் துடைக்கவில்லை என்பது என் கணிப்பு.

ஈரப்பதத்தை 50 சதவீதத்துக்குக் கீழே வைக்க ஈரம் உறிஞ்சும் கருவி ஒன்று வேண்டும் என்ற தீர்மானம் நிலுவையில் உள்ளது. அதுவரை சிலிக்கா ஜெல் பொட்டலங்களைத் தூக்கி எறியாமல் கொண்டு வந்து கொடுங்கள். இடம் தந்த பள்ளிக்கும், டீ வாங்கிவந்த இளைய உறுப்பினர்களுக்கும் நன்றி.

அடுத்த கூட்டத்தில் பாலிஸ்டைரீன் கெபாசிட்டர்களின் கசிவை அளக்கிறோம். பருத்திச் சட்டை போட்டு வாருங்கள். அன்றும் மின்விசிறி ஓடாது, கைக்குட்டை அவரவர் பொறுப்பு.

செயலாளர்